ஆச்சிக்கு என்ன கலர்?

ரெண்டு மாசமாக இந்தப் பக்கம் வரவில்லை. ஆபீசில் ஆணி அதிகம் என்பது ஒரு காரணம். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தது இன்னொரு காரணம். அம்மா வந்தால் பொட்டி முன்னால் உட்கார முடியாது. "எய்யா, ஆபீசுலயும் அதத்தான் பாக்க, வீட்டுக்கு வந்தும் அதத்தான் பாக்கணுமா?" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். போன வாரம்தான் அம்மாவை ரயிலேற்றி விட்டோம். அதற்குள் நடந்த ஒரு விஷயத்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் ரெண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் 'மை ஃபேமிலி' என்று படம் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். ஹாலில் குப்புறப் படுத்துக்கொண்டு வரைந்தாள். நான், தங்கமணி, அவள், ஆச்சி, நாலு பேர். எனக்கு இல்லாத முடியெல்லாம் வைத்து நன்றாகத்தான் வரைந்திருந்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஏட்டி, என்னைய எதுக்கு வெள்ளக்காரியாக்கி வச்சிருக்க?"

அம்மா நல்ல கறுப்பு. அம்பாசமுத்திரம் வெயிலும் வயலும் அடுப்பும் சேர்ந்த கறுப்பு. "தோசக்கல்லுக்கும் எனக்கும் போட்டி வச்சா நாந்தான் ஜெயிப்பேன்" என்று அம்மாவே சொல்வதுண்டு. படத்தில் இருந்த ஆச்சி ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம் நிறத்தில் இருந்தார். நாங்கள் மூன்று பேரும் அப்படித்தான்.

"அது ஸ்கின் கலர் ஆச்சி. பென்சில்லயே எழுதியிருக்கு பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். ஆமாம், எழுதியிருந்தது. அமெரிக்காவில் கிரயோலா கம்பெனி இதே நிறத்துக்கு 'ஃபிளெஷ்', அதாவது சதை நிறம், என்று பேர் வைத்திருந்து, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் சூடாக இருந்த 1962லேயே அதை 'பீச்' என்று மாற்றிவிட்டது. நொய்டாவில் என் மகளின் பென்சில் பெட்டிக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

அம்மா சிரித்தார், நானும் சிரித்தேன். தங்கமணி சிரிக்கவில்லை. ராத்திரி பிள்ளை தூங்கியபின் சொன்னாள். ஸ்கூல் பஸ்ஸில் ரெண்டு பசங்கள் ரெண்டு வாரமாக இவளை 'காலி' என்று கூப்பிடுகிறார்கள். கறுப்பி என்று அர்த்தம். பிரௌன் பென்சிலால் வரையேன் என்று தங்கமணி ஏற்கெனவே சொல்லிப் பார்த்திருக்கிறாள். "பிரௌன் போட்டா கிளாஸ்ல எல்லாரும் சிரிப்பாங்கம்மா" என்று பதில் வந்திருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் அப்போதே பள்ளிக்கு ஒரு மெயில் அடித்தேன். வடக்கத்தியான், மதராசி, பதினைந்து வருஷமாக நான் இங்கே கேட்டதெல்லாம் அதில் வந்துவிட்டது. அனுப்பும் முன் தங்கமணி எட்டிப் பார்த்துவிட்டு ரெண்டே கேள்வி கேட்டாள்.

"இவ பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்கு வந்து உங்க அத்தை முதல்ல கேட்டது என்ன?"

புள்ள என்ன கலர், யாரைக் கொண்டிருக்கு. தாயும் பிள்ளையும் நலமா என்பது அதற்கப்புறம்தான் வந்தது.

"போன ஞாயித்துக்கிழமை பார்க்ல 'வெயில்ல ஆடாத, கறுத்துப் போயிருவ'ன்னு சொன்னது யாரு?"

நான்தான். மெயிலை அழித்துவிட்டேன். மறுநாள் பஸ் விஷயத்தை மட்டும் எழுதி நாலு வரியில் வேறொன்று அனுப்பினேன். அந்தப் பசங்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள், நின்றது. ஆனால் படத்தில் ஆச்சி ஸ்ட்ராபெரியாகவேதான் இருந்தார்.

இது முடிந்து பத்து நாளில் பெற்றோர் - ஆசிரியர் சந்திப்பு. "ரீடிங் ரொம்ப வீக் சார், எப்பப் பாத்தாலும் டிராயிங்" என்றார் ஆசிரியை. நல்ல மனுஷி, அக்கறையாகத்தான் சொன்னார். பிள்ளைக்கு இங்கிலீஷில் எழுத்துக்கூட்டவே நேரமாகிறது, இந்தியும் அப்படித்தான். தமிழ் எழுத்து தெரியவே தெரியாது. ஒவ்வொரு லீவிலும் ஊரிலிருந்து மூட்டை கட்டி வந்த தமிழ்க் கதைப் புத்தகங்கள் அலமாரியில் புது மணம் மாறாமல் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு அலமாரி இருக்கும், வெட்கப்பட வேண்டாம்.

அந்த ஞாயிறு, மனசு சரியில்லாமல், பழைய புத்தகச் சந்தைக்குப் போனேன். தில்லிவாசிகளுக்குத் தெரியும், தரியாகஞ்ச் நடைபாதையில் இருந்ததை 2019ல் மகிளா ஹாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நடைபாதையில் உரசிக்கொண்டு தேடிய சுகம் போச்சு, ஆனால் சரக்கு குறையவில்லை. குழந்தைகள் புத்தகக் குவியலில் ஒரு அட்டை மட்டும் என்னை முறைத்தது. அட்டை முழுக்க ஒரு சிங்கத்தின் முகம். தலைப்பு கிடையாது, எழுதியவர் பேர் கிடையாது. சிங்கம் நேராகப் பார்க்காமல் கண்ணை ஓரமாகத் திருப்பியிருந்தது. புரட்டினால் பின்னட்டையில் எலி. உள்ளே ஏதோ ஓர் அமெரிக்க ஊர் நூலகத்தின் 'கழிக்கப்பட்டது' முத்திரை. 120 ரூபாய்.

நமக்கெல்லாம் தெரிந்த கதைதான். சிங்கம் எலியைப் பிடித்துவிட்டு விட்டுவிடும், பிறகு சிங்கம் வலையில் மாட்டும்போது எலி வலையைக் கடித்து விடுவிக்கும். புத்தகத்தில் கதையே எழுதியிருக்கவில்லை. ஆந்தை அலறுவது, எலி கீச்சிடுவது, சிங்கம் கர்ஜிப்பது, வேட்டைக்காரர்களின் ஜீப் சத்தம் என்று சில ஒலிகள் மட்டும். மற்றதெல்லாம் படம், கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிப் புல்வெளி. வலையில் தொங்கும் சிங்கத்தின் மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது.

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் அந்தக் கதை மூன்று தடவை சொல்லப்பட்டது. முதலில் நான், மேடைத் தமிழில். "கானகத்தின் வேந்தன்" என்று ஆரம்பித்ததும் மகள் என் வாயைப் பொத்திவிட்டாள். அடுத்து அம்மா, அசல் அம்பாசமுத்திரத்தில். அந்தச் சிங்கம் எலியைப் பார்த்து "எலே, சின்னப் பயலே" என்றது. மூன்றாவதாக மகளே சொன்னாள், பாதித் தமிழ், கால் இந்தி, மிச்சம் இங்கிலீஷ். வார்த்தை வராத இடத்தில் ஆச்சியைப் பார்ப்பாள், ஆச்சி எடுத்துக் கொடுப்பார். வலை, கண்ணி, கொறிச்சிட்டு, பொந்து. ஒரே ராத்திரியில் இத்தனை தமிழ் வார்த்தை அவள் வாயில் புகுந்து நான் பார்த்ததில்லை. படிக்கச் சொல்லி யாரும் பயமுறுத்தாத புத்தகம் என்பதால்தான் என்று நினைக்கிறேன்.

யார் இந்த ஆள் என்று தேடப்போய்த்தான் அந்த வாரம் பூரா தூக்கம் கெட்டது.

பேர் ஜெர்ரி பிங்க்னி. 1939 டிசம்பர் 22ல் பிலடெல்பியாவில் பிறந்தவர், ஜெர்மன்டவுன் பகுதி. வேலை தேடி அமெரிக்காவின் தெற்கிலிருந்து வடக்கே வந்த கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த தெரு. ஊரை விட்டு வடக்கே வந்தவர்கள் என்றால் நம்மைப் போலத்தானே என்று தோன்றும், தோன்றட்டும். ஆனால் அவர்கள் கேம்பஸ் இண்டர்வியூவில் தேர்வாகி வரவில்லை. அப்பா ஜேம்ஸ் கையில் படாத தொழில் இல்லை. தச்சு, பிளம்பிங், எலெக்ட்ரிக் வேலை, பெயின்டிங், சுவரில் வால்பேப்பர் ஒட்டுவது எல்லாம். ஆறு பிள்ளைகள்.

ஜெர்ரிக்குப் படிப்பு ஏறவில்லை. எழுத்து குழம்பும். டிஸ்லெக்சியா என்ற வார்த்தையே அப்போது அவருக்குத் தெரியாது, பெரியவரான பிறகுதான் தெரிந்தது. கை மட்டும் வரைந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டு வயதில் தெருமுனைப் பேப்பர் கடையில் வேலை. பேப்பர் விற்கிற நேரம் போக எதிர்க்கடை ஜன்னலையும் போகிற வருகிறவர்களையும் வரைந்துகொண்டிருந்தான். அந்த வழியாகப் போன ஒருவர் நின்று பார்த்தார். ஜான் லைனி, 'ஹென்றி' என்ற புகழ்பெற்ற செய்தித்தாள் காமிக்ஸை வரைந்துகொண்டிருந்தவர். பையனைத் தன் ஸ்டூடியோவுக்கு வரச்சொன்னார், வரைகிற சாமான்களும் கொடுத்தார். வரைந்து ஒரு மனுஷன் சம்பாதிக்க முடியும், வீட்டு வாடகை கொடுக்க முடியும் என்பதை அந்தப் பையன் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது அங்கேதான். எனக்கு இதில் ஒரு சின்ன ஆச்சரியம். ஹென்றி பேசாத பாத்திரம், மொட்டைத்தலைப் பொடியன், காமிக்ஸ் முழுக்க வாயே திறக்க மாட்டான். பேசாத காமிக்ஸ் வரைந்தவர் கூப்பிட்டுவிட்ட பையன் அறுபது வருஷம் கழித்து, எழுத்தே இல்லாத புத்தகத்துக்காக அந்த நாட்டின் பெரிய பரிசை வாங்கினான்.

அப்புறம் டாபின்ஸ் தொழிற்பள்ளியில் கமர்ஷியல் ஆர்ட். படிப்பு முடிகிற சமயம் கலைக் கல்லூரி ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் வந்திருக்கிறது. மாணவர்களுக்கு வழிகாட்ட வேண்டிய ஆலோசகர் கறுப்பினப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கவில்லை. உங்களுக்கு எதற்கு, வேலை எங்கே கிடைக்கப்போகிறது என்ற எண்ணம். பிங்க்னி தானே போய் விண்ணப்பங்களை வாங்கி, தனக்கு ஒன்று வைத்துக்கொண்டு நண்பர்களுக்கும் கொடுத்தார். அவருக்கு முழு ஸ்காலர்ஷிப் கிடைத்தது. இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு பால்கனிக்குப் போய்ச் சும்மா நின்றேன். நம்மில் எத்தனை பேருக்கு ஒரு வாத்தியார் இதே வசனத்தைச் சொல்லியிருக்கிறார்!

1960ல் கல்யாணம், மனைவி குளோரியா. பாஸ்டன் பக்கம் ஒரு வாழ்த்து அட்டைக் கம்பெனியில் வேலை. அதாவது பிறந்தநாள் கார்டு, கிறிஸ்துமஸ் கார்டு. பெரிய கலைஞர்களின் வரலாற்றில் இந்த மாதிரிப் பகுதிகளை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். நான் தாண்டப்போவதில்லை, ஏனென்றால் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற நமக்கு முக்கியமான பகுதி இதுதான். காலையில் போய் யாரோ கேட்டதை வரைந்து கொடுத்துவிட்டு, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, கை பழகினார். 1964ல் முதல் புத்தகம், சிலந்தியை நாயகனாக வைத்த மேற்கு ஆப்பிரிக்க நாட்டுப்புறக் கதைகள். நண்பர்களுடன் சேர்ந்து ஒரு ஸ்டூடியோ, பிறகு சொந்தமாக ஒன்று. 1970 வாக்கில் நியூயார்க் பக்கம் குடிபெயர்ந்தார். விளம்பரம், காலண்டர், தபால்தலை, எது வந்தாலும் செய்தார். 1978ல் அமெரிக்கத் தபால்துறை 'கறுப்பினப் பாரம்பரியம்' வரிசையை ஆரம்பித்தபோது முதல் தபால்தலை ஹாரியட் டப்மனுக்கு. அடிமைகளைத் தப்பிக்க வைத்த அந்த அம்மாளின் 13 சென்ட் தபால்தலையை வரைந்தவர் இவர்தான். அமெரிக்கத் தபால்தலையில் வந்த முதல் கறுப்பினப் பெண் ஹாரியட் டப்மன்.

இவர் தொழிலுக்கு வந்த காலத்தையும் சொல்ல வேண்டும். 1965ல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் ஒரு கணக்கெடுத்தார். 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் வந்த 5,206 குழந்தைப் புத்தகங்களில், கதையிலோ படத்திலோ ஒரே ஒரு கறுப்பினத்தவராவது வருகிற புத்தகம் எத்தனை? 349, நூற்றுக்கு 6.7. ஒரு பாலர் பள்ளியில் ஐந்து வயதுக் கறுப்புச் சிறுமி, புத்தகத்தில் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகளே ஏன் இருக்கிறார்கள் என்று கேட்டதில்தான் அந்தக் கட்டுரையே ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம் பதிப்பாளர்கள் கறுப்பின ஓவியர்களைத் தேட ஆரம்பித்தார்கள். கதவு தானாகத் திறக்கவில்லை, யாரோ உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததால் திறந்தது. அந்தக் கதவு திறந்தபோது பிங்க்னி கையில் பழகிய தொழிலோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

இப்போது நம்ம ஊர்க் கதைக்கு வருகிறேன். இதைப் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளைத் தலைமுறை தலைமுறையாக அழவைத்த ஒரு புத்தகம் உண்டு, 'லிட்டில் பிளாக் சாம்போ'. அது பிறந்தது எங்கே தெரியுமா? ஹெலன் பானர்மேன் என்ற ஸ்காட்லாந்து அம்மையார், இந்திய மருத்துவப் பணியில் இருந்த டாக்டரின் மனைவி. முப்பது வருஷம் இந்தியாவில், பெரும்பாலும் மதராஸ் ராஜதானியில் இருந்தவர். கொடைக்கானலில் தன் ரெண்டு பெண் பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்புகிற ரயில் பயணத்தில், அவர்களுக்காக எழுதி வரைந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படுகிற கதை. 1899ல் லண்டனில் வெளியானது. அமெரிக்காவில் புலி ஏது? புலிகள் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி நெய்யாக உருகிவிடும், அந்த நெய்யில் அம்மா அப்பம் சுடுவாள், பையன் 169 அப்பம் தின்பான். நெய்யைப் பற்றி இவ்வளவு தெரிந்து எழுதினால் அது எந்த ஊர்க் காடு, எந்த ஊர் அடுக்களை என்று நமக்குத் தெரியாதா?

பையன் புத்திசாலி, புலிகளை ஏமாற்றுகிறான். கதையில் அவன்தான் ஜெயிக்கிறான். பேரிலும் படத்திலும்தான் பிரச்சினை. 'சாம்போ' என்பது அமெரிக்காவில் கறுப்பினத்தவரை இழிவாகக் கூப்பிடும் பேர். அம்மையார் காப்புரிமையை ஐந்து பவுண்டுக்கு விற்றுவிட்டதால் அமெரிக்காவில் ஆளாளுக்கு அச்சடித்தார்கள், ஒவ்வொரு பதிப்பிலும் பையனின் உதடும் கண்ணும் இன்னும் கொஞ்சம் கோரமாகிக்கொண்டே போயின. பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கறுப்புப் பிள்ளையை 'சாம்போ' என்று கூப்பிட்டால் போதும். எங்கள் பஸ்ஸில் 'காலி' மாதிரி. நம்ம கொடைக்கானல் மலையடிவாரத்தில் முளைத்த ஒரு கதை எங்கோ போய் யாரையோ இப்படிக் குத்தியிருக்கிறது.

பிங்க்னியும் எழுத்தாளர் ஜூலியஸ் லெஸ்டரும் சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். அதைத் தடை செய், கொளுத்து என்று அவர்கள் கிளம்பவில்லை. 1996ல் அதை எடுத்துத் தங்கள் வீட்டுக் கதையாகச் சொன்னார்கள், 'சாம் அண்ட் த டைகர்ஸ்'. அந்தக் கற்பனை ஊரில் எல்லோருக்கும் பேர் சாம். பையன் சாம், அப்பா சாம், அம்மா சாம். எல்லோருக்கும் ஒரே பேர் என்றால் அந்தப் பேரை வைத்து யாரை இளப்பமாகக் கூப்பிட முடியும்? பையனின் உடுப்பு கண்ணைப் பறிக்கிற கலர், முகம் உண்மையான ஒரு பையனின் முகம். அதே வருஷம் ஃபிரெட் மார்செல்லினோ என்ற இன்னொரு ஓவியர் பழைய கதையை அப்படியே வைத்துக்கொண்டு, பேர்களை இந்தியப் பேர்களாக மாற்றி, 'லிட்டில் பாபாஜி' என்று இந்தியாவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். ரெண்டில் எது சரி என்று கேட்டால், எனக்குப் பிங்க்னி பண்ணியதுதான் பெரிசாகத் தெரிகிறது. நம்மை அவமானப்படுத்திய பொருளைத் தூர எறிவது சுலபம். அதைக் கழுவி, தன் பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி ஆக்குவதற்குக் கையில் தொழில் வேண்டும்.

அவர் வேலை செய்த விதமும் அப்படித்தான். பென்சில் கோடு, அதன் மேல் கோடு தெரிகிற மாதிரி நீர்வண்ணம். வீட்டாரையும் தெரிந்தவர்களையும் உடை மாட்டி நிற்க வைத்து போட்டோ எடுத்துப் பார்த்து வரைவார். மிருகங்களுக்குக்கூடத் தானே வேஷம் கட்டி நின்று பார்ப்பாராம், முயலுக்கும் அவரேதான். 2007ல் அவர் வரைந்த சிவப்புத் தொப்பிச் சிறுமி பனியில் நடக்கிற கறுப்புச் சிறுமி. 2020ல் வந்த கடல்கன்னியும் கறுப்பு. மனைவி குளோரியாவே எழுத, இவர் வரைந்த 'பேக் ஹோம்' 1992ல் வந்தது. வடக்கே நகரத்தில் வளர்ந்த எட்டு வயதுப் பெண் ரயிலேறி, தான் பிறந்த வடகரோலினா கிராமத்துக்குப் போகிறாள், அங்கே மாமா பையன் அவளைப் பட்டணத்துக்காரி என்று கிண்டல் பண்ணுகிறான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் மே மாசம் போய்ப் பாருங்கள், அந்தப் பெண் ஒரு பெட்டிக்கு நாலு பேராவது இருப்பாள்.

அமெரிக்கக் குழந்தைப் புத்தக ஓவியத்துக்குக் கால்டெகாட் பதக்கம்தான் உச்சம், 1938லிருந்து கொடுக்கிறார்கள். இவருக்கு ஐந்து தடவை ரெண்டாமிடம் மாதிரியான 'ஆனர்' கிடைத்தது: 1989, 1990, 1995, 2000, 2003. பதக்கம் 2010ல், அந்தச் சிங்கம் - எலிப் புத்தகத்துக்கு. வயது 70. 1976லும் 1977லும் லியோ தில்லன் மனைவி டயானோடு சேர்ந்து வாங்கியிருந்தார். தனியாக வாங்கிய முதல் கறுப்பின ஓவியர் பிங்க்னிதான். முதல் புத்தகத்திலிருந்து கணக்குப் போட்டால் 46 வருஷம். 2021 அக்டோபர் 20ல் 81 வயதில் மறைந்தார். நூற்றுக்கு மேல் புத்தகங்கள். மகன் பிரையனும் புத்தக ஓவியர்.

இதையெல்லாம் பக்கத்து டவர் நண்பரிடம் சொன்னேன், தஞ்சாவூர்க்காரர். "சார், ஒரு பிரௌன் பென்சில் வாங்கிக் குடுத்தா முடிஞ்சு போற விஷயம். இதுக்குப் போய் அமெரிக்காவா? நல்லா படிச்சு நல்ல வேலைக்குப் போயிட்டா கலரை எவன் சார் பாக்கிறான்?" என்றார். பிரௌன் பென்சில் பெட்டியிலேயே இருந்தது, எடுக்கத்தான் கை வரவில்லை. நல்ல வேலை விஷயத்தை அவரே யோசித்துக்கொள்ளட்டும். அவர் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், விளம்பரத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அடிமை முறையையும் எங்கள் ஸ்கூல் பஸ்ஸையும் ஒன்றாக வைக்கிறாயா என்று நீங்கள் கேட்கலாம். வைக்கவில்லை. அது வேறு, அதன் கனம் வேறு. ஒரு பிள்ளை தன் ஆச்சியை வரையும்போது எந்தப் பென்சிலை எடுக்கிறது என்ற ஒரே ஒரு இடத்தில் மட்டும் பிலடெல்பியாவும் நொய்டாவும் தொட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

இன்னொன்றும் வேண்டாம். 'தாரே ஜமீன் பர்' 2007ல் வந்தபோது தியேட்டரில் நானும் அழுதவன்தான். ஆனால் அந்தப் படம் பார்த்த பெற்றோர் பலருக்கு, எழுத்துக்கூட்டத் திணறுகிற பிள்ளை என்றால் உள்ளே ஒரு மேதை ஒளிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வந்துவிட்டது. பிங்க்னி கதையையும் அப்படிச் சுருக்கி வாட்சப்பில் சுற்றவிட்டால் கெட்டது. என் மகள் ஓவியராக வேண்டியதில்லை, போட்டியில் ஜெயிக்க வேண்டியதும் இல்லை. வாசிப்புக்கு ஒரு நிபுணரிடம் காட்ட நேரம் வாங்கியிருக்கிறோம், அது தனியாக நடக்கும். வரைவதை அதற்குத் தண்டனையாகப் பிடுங்கக் கூடாது என்பது மட்டும் இப்போது எங்கள் வீட்டுச் சட்டம். வெயிலில் ஆடக் கூடாது என்ற பழைய சட்டம் ரத்து.

புத்தகம் வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பிள்ளைக்கு வாங்கும்போது கதையைப் படிப்பதற்கு முன் படங்களைப் புரட்டுங்கள். நல்லவர்கள் என்ன நிறம், அரக்கர்கள் என்ன நிறம் என்று எண்ணுங்கள். நான் என் பழைய அமர் சித்ர கதா கட்டை எடுத்து எண்ண ஆரம்பித்தேன், அஞ்சாவது புத்தகத்தில் நிறுத்திவிட்டேன். சென்னையில் தூலிகா, தாரா மாதிரி பதிப்பகங்கள் 1990களிலிருந்து வேறு மாதிரிப் படங்களோடு புத்தகம் போடுகிறார்கள். தூலிகாவில் தமிழும் உண்டு. எழுத்து தெரியாத பிள்ளை என்றால் எழுத்தில்லாத புத்தகம் வாங்குங்கள், தமிழை நீங்கள் வாயால் போட்டுக்கொள்ளலாம்.

அம்மா கிளம்புவதற்கு முந்தின நாள், மகள் ஆச்சியை உட்கார வைத்துத் திரும்ப வரைந்தாள். முதலில் பிரௌன் தேய்த்தாள், போதவில்லை. மேலே கறுப்பு, அது ஜாஸ்தியாகிவிட்டது. அப்புறம் ஊதாவும் ஆரஞ்சும் கொஞ்சம். "ஆச்சி, அசையாதீங்க. உங்க கன்னத்துல நெறைய கலர் இருக்கு" என்று அதட்டல் வேறு. அரை மணி நேரம் அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். படத்தைச் சுருட்டி, முறுக்கு கொண்டுவந்த காலி டின்னில் வைத்து ஊருக்கு எடுத்துப்போனார்.

முந்தாநாள் போன் பண்ணினார். படத்தைக் காலண்டர் பக்கத்தில் ஒட்டியாச்சாம், பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் வந்து பார்த்தாச்சாம்.

"எல்லாஞ் சரி எய்யா. மூக்குத்திய மட்டும் எடது பக்கம் போட்டுட்டா. லீவுக்கு வரும்போது பென்சில எடுத்துட்டு வரச் சொல்லு, திருத்தணும்."